இரு கம்பியும் ஒரு சொல்லும்

நமது சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரை ஒன்று தருமாறு ஆசிரியர் என்னைப் பணித்தபோது, தமிழ் ஹானர்ஸ் வகுப்பு மாணவனாகிய யான் சங்கப் பாடல் ஒன்றின் நயத்தைப் பற்றியோ, காப்பியத் தலைவி ஒருத்தியின் பண்பைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர் எண்ணியிருத்தல் கூடும். யானும் அவ்வாறே தொடங்கி, இரண்டு தாள் எழுதிக் கிழித்தேன். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் காஞ்சிமாநகரில் யான் கற்ற பாடம் வேறொன்று நெஞ்சை விட்டு அகலாது நின்றதே அதற்குக் காரணம். அஃது ஏட்டில் கற்றதன்று. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஸ்விட்ச் என்னும் ஒரு சிறு இரும்புப் பெட்டியினிடத்துக் கற்றது. தமிழ்ப் பகுதியில் இஃதென்ன பொருள் என்று நகுவார் சிறிது பொறுத்தருள்க.

எங்கள் இல்லம் காஞ்சியில் பிள்ளையார்பாளையத்தில் உள்ளது. அண்டை வீட்டில் ஒரு முதியவரும் அவர்தம் மனைவியாரும் குழித்தறியில் பட்டு நெய்கின்றனர். காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வையில் உளது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். பாவும் வேறு, ஊடும் வேறு. ஆதலின் மூன்று நாடாக்கள் ஓடவேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. நெய்வார் ஒருவர் இம்மூன்றையும் தாமே நடத்துதல் அரிது. ஆதலின் ஒரு பக்கத்தே துணையாள் ஒருவர் அமர்ந்து, அப்பக்கக் கரையின் நாடாவை எறிதல் வழக்கம். உடலின் இழையும் கரையின் இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று ஊரார் பெருமை கூறுவர். இளமை முதல் அவ்வோசையைக் கேட்டே வளர்ந்தேனாயினும், இருவர் கை ஒத்தாலன்றிக் கோர்வை இல்லை என்பதை யான் ஒருநாளும் ஊன்றி நினைத்ததில்லை.

எந்தையார் யான் பள்ளியிற் பயிலும்போதே காலமானார். என் தமையனார் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவுடன், மேற்படிப்பை விடுத்து, நகரின் பட்டு விற்பனை நிலையம் ஒன்றில் கணிப்பொறிகளைப் பேணும் வேலையில் அமர்ந்தார். யான் படிப்பது அவருடைய ஊதியத்தில். சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவர், "தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வினவினார். அவ்வினாவில் வெகுளி இல்லை, கவலையே இருந்தது என்பதை இன்று அறிகின்றேன். அன்று அறிந்திலேன். "கம்பி இழுப்பவருக்குக் கவிதையின் அருமை எங்ஙனம் விளங்கும்?" என்று விடை கூறிவிட்டேன். அவர் ஒன்றும் கூறாது எழுந்து போயினார். அன்று தொட்டு ஆறு திங்கள் நாங்கள் இருவரும் பேசிலோம். "அண்ணனுக்குச் சாப்பாடு வைத்தாயிற்றா என்று கேளுங்கள்" என்று யானும், "தம்பிக்குப் பணம் போதுமா என்று கேளுங்கள்" என்று அவரும் அன்னையார் வாயிலாகவே ஒருவரையொருவர் விசாரித்து வந்தோம். அவர் முதலில் பேசட்டும் என்று யான் இருந்தேன். யான் முதலில் பேசட்டும் என்று அவர் இருந்தார்.

மார்கழியில் மணவினைகள் இல்லை. தை பிறந்தால் காஞ்சிக் கடைகளில் கூட்டம் நெருக்கும். ஆதலின் கடைகளில் செப்பம் செய்யவேண்டிய பணிகளையெல்லாம் மார்கழியிலேயே முடித்துக்கொள்வர். தமையனார் பணிபுரிந்த நிலையத்திலும் ஒரு குறை இருந்தது. கணக்குச் சர்வரும், சேலை வடிவங்களின் கோப்புகளைக் காக்கும் பெட்டியும் மாடியில் உள்ளன. விலைச்சீட்டு எழுதும் கணிப்பொறிகளும், வடிவம் வரைவோர் அறையும் கீழ்த்தளத்தில் உள்ளன. மாடியில் ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு ஸ்விட்ச். இரண்டிற்கும் இடையே நொடிக்கு 1 கிகாபிட், அஃதாவது நூறு கோடித் துணுக்குகள் செல்லவல்ல கேபிள் ஒன்றே ஒன்று. வடிவம் வரைவோர் பெருங் கோப்பு ஒன்றை எடுக்குந்தோறும் அவ்வொற்றைக் கேபிள் நிறைந்துவிடும். விலைச்சீட்டுக்குக் காத்து நிற்போர் முணுமுணுப்பர். புதிதாக விரைந்த கருவிகள் வாங்க முதலாளிக்கு மனமில்லை. தைக் கூட்டம் வருமுன் இருக்கும் கருவிகளைக் கொண்டே இக்குறையைத் தீர்த்தல் வேண்டும் என்றும், தவறினால் அப்பொறுப்பை வேறொருவரிடம் விட நேரும் என்றும் தமையனாரிடம் சொல்லிவிட்டார்.

இப்பணிக்கு ஒரே நேரத்தில் மாடியில் ஓர் ஆளும் கீழே ஓர் ஆளும் வேண்டும். ஒரு புறத்தில் அமைப்பை மாற்றியவுடன் இடைவழி அறுந்துபோதல் கூடும். அறுந்தால் மறுபுறத்தை அங்கிருந்தே திருத்தல் இயலாது. தமையனாருடைய உதவியாள் விடுப்பில் சென்றிருந்தான். "அண்ணனோடு போ" என்றார் அன்னையார். அவ்விரு சொல்லுக்கு மேல் அவர் ஒன்றும் கூறவில்லை. மறுக்க எனக்கும் நாவெழவில்லை.

இரவு பத்து மணிக்குக் கடை அடைத்தபின் சென்றோம். இரண்டாவது கேபிள் ஏற்கெனவே இழுத்துச் செருகப்பட்டிருந்தது. ஆயினும் மாடி ஸ்விட்சில் ஒரு விளக்குப் பச்சையாகவும் மற்றொன்று செம்மஞ்சளாகவும் எரிந்தன. செம்மஞ்சளாவது, 'கம்பி உண்டு, வழி இல்லை' என்பதன் குறி. இரண்டு கம்பி இட்டும் ஒன்றே தொழில் செய்தது. மற்றொன்று சும்மா கிடந்தது.

அதன் காரணம் வியப்புக்குரியது. இரு ஸ்விட்சுகளுக்கு இடையே இரண்டு வழி திறந்திருப்பின், 'அனைவர்க்கும்' என்று முகவரியிட்ட ஒரு செய்தி ஒரு வழியே சென்று மறுவழியே மீளும். மீண்டது திரும்பவும் செல்லும். ஈதர்நெட்டில் செல்லும் சட்டங்களுக்கு இத்தனை முறைதான் சுற்றலாம் என்னும் ஆயுள் வரையறை இல்லை. ஆதலின் அவை ஓயாது சுழன்று பெருகி, கணப்பொழுதில் வலை முழுவதையும் முடக்கிவிடும். இக்கேட்டைத் தடுக்க 1985-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் ஒரு நெறி கண்டார். வலையிலுள்ள ஸ்விட்சுகள் தமக்குள் ஒன்றை வேராகத் தெரிந்துகொண்டு, கிளைகள் ஒன்றோடொன்று கூடிச் சுழல் உண்டாகாதபடி மிகையான வழிகளை அடைத்துவிடும். அவ்வம்மையார் அந்நெறியின் சாரத்தைத் தாமே ஒரு சிறு செய்யுளாகவும் யாத்தனர் என்று பின்னர் அறிந்தபோது, கம்பிக்கும் கவிதைக்கும் பகையென்று யான் ஜூன் மாதத்தில் பேசிய பேச்சு என்னைச் சுட்டது.

அடைபட்ட வழியைத் திறக்கும் முறையே இணைப்புத் தொகுப்பு. இரண்டோ, அதன் மேலுமோ கேபிள்களைக் கட்டி, 'இவை பலவல்ல, ஒன்றே' என்று ஸ்விட்சுக்கு உணர்த்துதல் அது. ஒன்றே என்று கொண்டபின் சுழலும் இல்லை, அடைப்பும் இல்லை. இவ்வழக்கத்தின் வரலாற்றில் நம் நாட்டின் மணமும் சிறிது உண்டு. 1990-இல் முதல் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொணர்ந்த அமெரிக்க நிறுவனத்தை நிறுவிய இருவருள் ஒருவர் வினோத் பரத்வாஜ் என்னும் இந்திய வமிசத்தார். அவர்தம் மனைவியாரின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று, அப்பெயர் கல்பனா. தமிழில் நாம் கற்பனை என்று வழங்கும் சொல்லே அது. பல கம்பிகளை ஒன்றாகக் கட்டும் உபாயத்தைத் தொடக்கத்திலேயே செய்துகாட்டியதும் அந்நிறுவனமே. 1994-இல் சிஸ்கோ நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி முறை வகுத்திருந்த நிலையில், 2000-ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் எல்லார்க்கும் பொதுவான விதி ஒன்றை 802.3 ஏ.டி. என்னும் பெயரால் வெளியிட்டது. 2008-இல் அவ்விதி 802.1 ஏ.எக்ஸ். என்னும் தனி நூலாயிற்று.

அவ்விதியின் உயிர்நிலை எல்.ஏ.சி.பி. எனப்படும் உடன்படிக்கை முறை. இம்முறையின்றிக் கட்டாயத்தாலும் கேபிள்களைத் தொகுக்கலாம். ஆனால் மறுபுறம் ஒப்பியதா என்று கேளாமலே, 'யான் தொகுத்துவிட்டேன்' என்று ஒரு புறம் கொள்வது அது. மறுபுறம் ஒப்பாதிருப்பின் செய்திகள் வழிதவறும், சுழலும் நேரலாம். எல்.ஏ.சி.பி.யிலோ, இருபுறத்து ஸ்விட்சுகளும் ஒன்றுக்கொன்று சிறு செய்தி விடுத்து உசாவிக்கொள்கின்றன. ஒவ்வொரு செய்தியிலும் இரண்டு பகுதி உண்டு. 'யான் இன்னார், என் நிலை இது' என்பது ஒன்று. 'நின்னை இன்னார் என்று அறிந்திருக்கின்றேன்' என்பது மற்றொன்று. தன்னைப் பற்றி மறுபுறம் அறிந்திருப்பது சரியே என்று இரண்டும் கண்டபின்னரே அக்கம்பி தொகுப்பிற் சேரும். தொகுப்பிற் சேரும் கம்பிகளின் வேகமும் ஒத்திருத்தல் வேண்டும்.

தமையனார் குறிப்புத்தாள் ஒன்றை என் கையிற் கொடுத்துவிட்டுச் சொல்லின்றிக் கீழே இறங்கினார். மாடி ஸ்விட்ச் என் பொறுப்பு. கணிப்பொறித் திரையில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 23, 24 என்னும் இரு போர்ட்டுகளையும் ஒரே தொகுதியில் சேர்த்தேன். அடுத்து ஒரு வினா எழுந்தது: ஆக்டிவா, பாஸிவா? ஆக்டிவ் ஆவது, தானே முந்திச் செய்தி விடுக்கும் நிலை. பாஸிவ் ஆவது, மறுபுறம் விடுத்தால் விடை கூறும் நிலை. இருபுறங்களுள் ஒன்றேனும் ஆக்டிவாக இருத்தல் வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. எவர் எதனை வைப்பது என்று எழுதவில்லை. யான் ஒரு கணம் தயங்கினேன். இது அவர் தொழில், அவரே முந்தட்டும் என்று எண்ணி, பாஸிவ் என்று குறித்தேன். மூத்தோர்க்குக் காட்டும் மரியாதை என்று எனக்கு யானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது மரியாதை அன்று.

விளக்கு மாறவில்லை. இவ்வுடன்படிக்கைச் செய்தி மெதுவான வகையில் 30 நொடிக்கு ஒன்றாகச் செல்லும். விரைவான வகையில் நொடிக்கு ஒன்று. ஆகவே சற்றுப் பொறுப்போம் என்றிருந்தேன். ஒரு நிமிடம் கழிந்தது. ஐந்து நிமிடமும் கழிந்தது. கீழே தமையனார் நாற்காலியை நகர்த்தும் ஓசை கேட்டது. அவரும் காத்திருக்கிறார் என்று அறிந்தேன். என் கையில் தொலைபேசி இருந்தது. அவர் கையிலும் இருந்தது. கால் மணி நேரம் இருவரும் அதனைத் தொட்டிலோம். திரையை நோக்கிக்கொண்டேயிருந்த எனக்குத் திடுமென ஓர் ஐயம் பிறந்தது. எழுந்து மாடிப்படியின் தலைப்பில் நின்று, ஆறு திங்களுக்குப்பின் முதன்முறையாக, "அண்ணா!" என்று அழைத்தேன். தொண்டை அடைத்தமையால் அச்சொல் எனக்கே கேட்கவில்லை. மீண்டும் அழைத்தேன்.

"என்ன தம்பி?"

"கீழே என்ன வைத்தீர்கள்?"

"பாஸிவ். சர்வர் மாடியில் இருப்பதால் நீ ஆக்டிவ் வைப்பாய் என்று இருந்தேன். நீ என்ன வைத்தாய்?"

"யானும் பாஸிவ்தான்."

சிறிது நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பின்னர் அவர் நகைக்கும் ஓசை கீழிருந்து வந்தது. எனக்கும் நகை பொங்கியது. "நான் மாற்றுகிறேன்" என்று இருவரும் ஒரே சமயத்தில் கூறினோம். ஒரே சமயத்தில் மாற்றியும் விட்டோம். இருபுறமும் ஆக்டிவானால் பிழை நேருமோ என்று அஞ்சி உரக்கக் கேட்டேன். "இருவரும் முந்தினால் குற்றமில்லை, இருவரும் காத்திருந்தால்தான் குற்றம்" என்றார் அவர். சில நொடிகளில் செம்மஞ்சள் விளக்குப் பச்சையாயிற்று.

அன்றிரவு எனக்கு ஓர் ஏமாற்றமும் நேர்ந்தது. இரண்டு கம்பியும் தொகுத்தாயிற்று. இனி ஒரு கோப்பு இருமடங்கு விரைவில் வரும் என்று எண்ணிப் பெரிய கோப்பு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். வேகம் முன்போன்றே இருந்தது, நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட். "எங்கே அண்ணா, மற்றொரு மடங்கு?" என்றேன். அவர் கூறிய விளக்கம், இப்பொருளைக் கற்போர் பெரும்பாலும் பிழைபட உணரும் இடத்தைத் தெளிவாக்கியது.

"அத்திவரதர் எழுந்தருளிய ஆண்டு நினைவிருக்கிறதா?" என்றார். 2019-ஆம் ஆண்டில் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள், நாற்பது ஆண்டுக்கொருமுறை வரும் அக்காட்சிக்காகக் காஞ்சியில் திரண்ட கூட்டத்தை எவர் மறப்பர்? யான் அப்போது பள்ளிச் சிறுவன். "வரிசை இரண்டு இருந்தால், ஒரு குடும்பத்தில் பாதிப்பேரை ஒரு வரிசையிலும் பாதிப்பேரை மற்றொன்றிலும் விடுவார்களா? விட்டால் பிள்ளை முன்னே போய்விடும், தாய் பின்னே தேடுவாள். அதனால் ஒரு குடும்பம் ஒரே வரிசையில்தான் போகும். இரண்டு வரிசையால் ஒரு குடும்பம் சீக்கிரம் போகாது; ஊர் சீக்கிரம் போகும்."

கணிப்பொறி வலையிலும் அஃதே நிகழ்கின்றது. ஓர் உரையாடலின் துண்டுகள் வரிசை பிறழாது சேர வேண்டும் என்பதற்காக, ஸ்விட்ச் அனுப்புவோர் முகவரியையும் பெறுவோர் முகவரியையும் கலந்து ஒரு கணக்குப் போட்டு, அவ்வுரையாடல் முழுவதையும் ஒரே கம்பியில் விடுகின்றது. வேறு இருவர் பேசினால் கணக்கு வேறாகி, மற்றொரு கம்பி கிடைத்தல் கூடும். கூடும் என்றேனே அன்றிக் கிடைக்கும் என்றிலேன். இரு கணக்கும் ஒரே விடை தருதலும் உண்டு. எங்களுக்கும் முதலில் அவ்வாறே ஆயிற்று. கணக்குச் சர்வரின் போக்கும் கோப்புப் பெட்டியின் போக்கும் ஒரே கம்பியிற் சென்றன. மற்றது வெறிதே இருந்தது. எக்கம்பியில் விடுவது என்பதை அனுப்பும் ஸ்விட்சே தெரிவு செய்கின்றதாதலின், மாடியிலிருந்து கீழே வரும் போக்கிற்கு மாடி ஸ்விட்சில் கலக்கும் முறையை மாற்றவேண்டும். தமையனார் சொல்லச் சொல்ல யான் மாற்றினேன். இரு போர்ட்டின் எண்ணிக்கைகளும் ஏறத் தொடங்கின. பெருங் கோப்பு ஒன்று வந்துகொண்டிருக்கும்போதே கீழே விலைச்சீட்டுத் தடையின்றி வந்தது. அதுவே எங்களுக்கு வேண்டியது.

இறுதியாக ஒரு சோதனை. கோப்பு ஓடிக்கொண்டிருக்கையில் அது சென்ற கேபிளையே பிடுங்கும்படி தமையனார் கூறினார். அஞ்சியபடியே பிடுங்கினேன். ஓட்டம் ஒரு கணம் தயங்கிப் பின் தொடர்ந்தது. எஞ்சிய கம்பி முழுச் சுமையையும் ஏற்றுக்கொண்டது. தொகுப்பின் மெய்யான பயன் இதுவென்று கண்டேன். எந்தையார் மறைந்தபின் எங்கள் இல்லம் நின்றதும் இவ்வாறே என்ற நினைவு எழுந்தது. அறுந்த கம்பியின் சுமையை எவர் ஏற்றார் என்பதை யான் அதுகாறும் எண்ணிப் பார்த்ததில்லை.

நள்ளிரவு கடந்து இருவரும் நடந்தே வீடு திரும்பினோம். பனி இறங்கியிருந்தது, வீதியில் ஆளில்லை. "ஜூன் மாதத்தில் யான் கூறிய சொல் தவறு, அண்ணா. பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் உடனே விடை தரவில்லை. வீட்டு வாயிலை அடைந்தபின், "எனக்குக் கவிதை விளங்காது என்றாயே, விளங்கும்படி ஒன்றைச் சொல்லேன்" என்றார். கதவு திறந்த அன்னையார் எங்கள் இருவர் குரலையும் ஒருங்கே கேட்டு, ஒன்றும் வினவாது பாலைக் காய்ச்சச் சென்றார்.

மறுநாட் காலை அண்டை வீட்டுத் தறியோசை கேட்டு எழுந்து சென்று, அம்முதியோர் இருவரும் நெய்வதை நெடுநேரம் நோக்கி நின்றேன். அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருவர் நாடாவை எறியுமுன் மற்றவர் கையை ஒருமுறை நோக்கத் தவறவில்லை. முப்புரி நூல் எளிதில் அறாது என்னும் கருத்தைப் பிரசங்கியின் ஆகமத்திலிருந்து ஞாயிறு பள்ளியில் யான் பலமுறை ஒப்பித்தது உண்டு. புரிகள் அருகருகே கிடந்தால் மட்டும் அது கயிறாகிவிடாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஒரு கூரையின்கீழ் ஆறு திங்கள் நாங்களும் அருகருகேதான் இருந்தோம்.

தை மாதத்துக் கூட்டத்தில் அக்கடையில் விலைச்சீட்டுக்குத் தாமதம் நேரவில்லை என்றும், தமையனாரின் பொறுப்பு அவரிடமே நிலைத்தது என்றும் அன்னையார் கடிதம் எழுதியிருந்தார். அதன் அடியில் தமையனார் தம் கையெழுத்தில், தேர்வுக் கட்டணத்திற்குப் பணம் அனுப்பியிருப்பதாகவும், அடுத்த விடுமுறையில் நெடுநல்வாடையைத் தமக்குச் சொல்லவேண்டும் என்றும் இரண்டு வரி சேர்த்திருந்தார். இம்முறை அவர் முந்திக்கொண்டார்.